கேள்வி 3: நம் ஆட்களிடம் எப்படிப் பேசுவது? (மாசசூசெட்ஸ்)

புதுக்குடிமகள் (அக்டோபர் 9, 2018)

எல்லாருக்கும் வணக்கம். வருகிற நவம்பர் 6-ஆம் தேதி போடப்போவதுதான் இந்த நாட்டில் என் முதல் ஓட்டு. கவர்னருக்கு யார், செனட்டுக்கு யார் என்பதெல்லாம் முடிவு பண்ணிவிட்டேன். வாக்குச்சீட்டில் மூன்றாவதாக ஒரு கேள்வி வருகிறதே, திருநர்களிடம் பொது இடங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டத்தை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று, அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

நான் வைத்துக்கொள்ளலாம் என்கிற பக்கம். என்னைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் ஒரு வாரமாக ஒரே செய்தி சுற்றுகிறது: "கேள்வி 3 ஜெயித்தால் எந்த ஆணும் 'நான் பெண்' என்று சொல்லிக்கொண்டு உங்கள் மகள் உடை மாற்றும் அறைக்குள் நுழையலாம். தடுத்தால் உங்களுக்குத்தான் ஜெயில்." கூடவே ஒரு விளம்பர வீடியோ. உடை மாற்றும் அறையில் ஒரு ஆள் ஒளிந்திருக்கிற மாதிரி எடுத்திருக்கிறார்கள், பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். அனுப்புகிறவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் கிடையாது. எனக்குப் பிரசவம் ஆனபோது மாற்றி மாற்றிப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவர்களோடு சண்டை போடவும் மனசு வரவில்லை, படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை? நம் சங்கத்தின் பெயரில் ஒரு ஆதரவு அறிக்கை விடச் சொல்லிக் கேட்கலாமா, அதற்கெல்லாம் சட்டம் இடம் கொடுக்குமா? அப்புறம் இந்த வாரம் கொலு ஆரம்பிக்கிறது, பத்து வீட்டுக்காவது போவேன், அங்கே இந்தப் பேச்சை எப்படி எடுப்பது? பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஆக்டன்வாசி

"ஜெயித்தால்" என்ற வார்த்தையே தப்பு. சட்டம் புதிதாக வரப்போவதில்லை, ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. வேலை, வீடு, படிப்பு, கடன் இவற்றில் திருநர்களிடம் பாகுபாடு கூடாது என்று 2011-லேயே இங்கே சட்டம் வந்தாயிற்று. அதில் விட்டுப்போனது ஓட்டல், கடை, ஆஸ்பத்திரி, பஸ், தியேட்டர், பூங்கா போன்ற பொது இடங்கள். அந்தப் பகுதியை 2016 ஜூலையில் கவர்னர் பேக்கர் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார், அந்த அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. எதிர்த்தவர்கள் கையெழுத்து வேட்டை நடத்தி (32,375 தேவைப்பட்டது, சேர்த்துவிட்டார்கள்) அதைத்தான் இப்போது மக்கள் ஓட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆக, அந்தச் செய்தியை அனுப்பியவர் இரண்டு வருடமாக இதே சட்டத்தின் கீழ்தான் மகளைக் கூட்டிக்கொண்டு ஜிம்முக்கும் மாலுக்கும் போய்வருகிறார். அந்த இரண்டு வருடத்தில் என்ன மாறியது என்று அவரையே கேளுங்கள்.

பேக்கர் ரிபப்ளிகன், அது போதாதென்று 2010-ல் முதல் தடவை கவர்னருக்கு நின்றபோது இந்த மாதிரி மசோதா வந்தால் ரத்து செய்வேன் என்று சொன்னவர். அவரே ஆறு வருடம் கழித்துக் கையெழுத்துப் போட்டு, இப்போது 'ஆம்' என்றுதான் ஓட்டுப் போடப்போவதாகவும் சொல்கிறார். "இதெல்லாம் டெமாக்ரட்காரன் வேலை" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஜெயில் விஷயம். பொது இடத்தில் பாகுபாடு காட்டினால் 2,500 டாலர் வரை அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை என்ற பிரிவு மாநிலச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இனம், நிறம், மதம் என்று பாகுபாடு காட்டுகிறவர்களுக்காக ரொம்ப காலமாகவே இருக்கிற பிரிவு அது. நம்மைப் பார்த்து "உனக்கு இடமில்லை" என்று ஒரு ஓட்டல்காரன் சொல்லாமல் இருப்பதற்கும் அதே பிரிவுதான் காவல். உள்ளே ஒருவன் தப்பாக நடக்கிறான் என்று புகார் கொடுக்கிற அம்மாவை உள்ளே தள்ளுவதற்காக எழுதியதில்லை.

இன்னொரு முக்கியமான வரி சட்டத்திலேயே இருக்கிறது: தவறான நோக்கத்துக்காகப் பாலின அடையாளத்தைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒளிந்து பார்ப்பது, படம் எடுப்பது, தொந்தரவு பண்ணுவது எல்லாம் 2016-க்கு முன்னும் குற்றம், பின்னும் குற்றம். வீடியோவில் வருகிற அந்த ஆளைப் பிடித்துக்கொண்டுபோக இன்றைக்கும் போலீசுக்கு ஒரு தடையும் இல்லை. போலீஸ் தலைவர்கள் சங்கமே சட்டத்தை ஆதரிக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகவே இந்த மாநிலத்தில் வேலை செய்யும் ஜேன் டோ கூட்டமைப்பும் 'ஆம்' பக்கம்தான், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

போன மாதம் யு.சி.எல்.ஏ-வின் வில்லியம்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாநிலச் சட்டம் வருமுன்பே நம் மாசசூசெட்ஸில் சில ஊர்கள் தனியாக இப்படி விதி போட்டிருந்தன. அந்த ஊர்களையும், அதே மாதிரியான ஆனால் விதி போடாத ஊர்களையும் எடுத்து, கழிப்பறை, உடை மாற்றும் அறைகளில் நடந்த குற்றப் புகார்களைப் போலீஸ் பதிவேட்டிலிருந்து வாங்கி ஒப்பிட்டார்கள். விதியால் குற்றம் கூடியதாகத் தெரியவில்லை.

கடைசியாக, எல்லாரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டியது. 'ஆம்' என்றால் சட்டம் இருக்கும். 'இல்லை' என்றால் போய்விடும். சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியதால் "எதிர்ப்புக்கு 'ஆம்' போடணுமோ" என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆதரவாளர்களிலேயே "பாகுபாட்டுக்கு 'இல்லை' சொல்வோம்" என்று மனதில் வைத்துக்கொண்டு தப்பான கட்டத்தை நிரப்பப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

---

ரெண்டுபெண்ணம்மா

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். திருநங்கைகள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. வேலை கொடுங்கள், வீடு கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? வாரா வாரம் என் இரண்டு பெண்களையும் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன், பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த உடை மாற்றும் அறையில் ஒரே பொதுக் கூடம், திரை கூடக் கிடையாது. அங்கே ஆண் உடல் அமைப்போடு ஒருவர் நின்றால் என் மகள் சங்கடப்படுவாளா மாட்டாளா? இதைக் கேட்டாலே "பிற்போக்குவாதி" என்று பட்டம் கட்டிவிடுகிறீர்கள். சரி, பேசவில்லை. பேசாமல் போய் 'இல்லை' போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். எங்கள் தெருவில் எல்லார் வாசலிலும் 'ஆம்' பலகை நட்டிருக்கிறது, உள்ளே எத்தனை பேர் என்னை மாதிரி என்று உங்களுக்குத் தெரியுமா?

---

கணக்குப்புலி

ரெண்டுபெண்ணம்மா சொன்ன கடைசி வரியைத்தான் பிரச்சாரம் பண்ணுகிற எல்லாரும் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் முன்னால் ஹூஸ்டனில் இதுதான் நடந்தது.

2014-ல் ஹூஸ்டன் மாநகராட்சி ஒரு சமவுரிமை விதி போட்டது. அதில் பாலின அடையாளம் ஒன்றுதான் என்றில்லை. இனம், நிறம், பூர்வீக நாடு, மதம், வயது, ஊனம், கர்ப்பம், ராணுவத்தில் இருந்தவர் என்று மொத்தம் 15 வகை. எதிர்த்தவர்கள் மற்ற பதினான்கைத் தொடவே இல்லை, "பெண்கள் கழிப்பறையில் ஆண்கள் வேண்டாம்" என்ற ஒரே வரியைச் சட்டையில் அச்சடித்து ஊர் முழுக்கச் சுற்றினார்கள். 2015 நவம்பரில் ஓட்டு நடந்தபோது சுமார் 61 சதவீதம் எதிராக விழுந்து மொத்த விதியும் போனது. அந்த ஊரில் நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள்! "பூர்வீக நாடு" என்ற வரியும் அதோடு சேர்ந்து போனது எத்தனை பேருக்கு உறைத்ததோ. பெரிய கம்பெனிகள், பிரபலங்கள், பத்திரிகைகள் எல்லாம் ஆதரவு தெரிவித்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. கழிப்பறைக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் "சமத்துவம், சமத்துவம்" என்று பேசியே தோற்றார்கள் என்பது என் கணிப்பு.

இந்த ஏப்ரலில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் வேறு மாதிரி ஆனது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற ஒரு யோசனை ஓட்டுக்கு வந்தது, சுமார் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். (அங்கே 'இல்லை'தான் ஆதரவு ஓட்டு, நமக்கு 'ஆம்'. ஆக்டன்வாசி சொன்ன குழப்பம் சும்மா இல்லை.) மாநிலம் முழுக்க இப்படி ஒரு ஓட்டு நடப்பது நாட்டிலேயே இங்கேதான் முதல் தடவை, அதனால் இங்கே தோற்றால் மற்ற மாநிலங்களில் அடுத்த மாதமே ஆரம்பித்துவிடுவார்கள்.

கொலுவில் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். மியாமியில் ப்ரூக்மன், கல்லா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து 2016-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் பேசுவது, அவ்வளவுதான். புள்ளிவிவரம் ஒப்பிப்பதில்லை. திருநர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வது. அப்புறம், "நீங்கள் வித்தியாசமாக இருக்கிறீர்கள் என்பதற்காக யாராவது உங்களைத் தப்பாக எடைபோட்டது உண்டா?" என்று அவர் கதையை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. அந்தப் பத்து நிமிடத்தின் பலன் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. இதே மாதிரி இதற்கு முன்னால் வந்த ஓர் ஆய்வு போலித் தரவு என்று 2015-ல் அம்பலப்படுத்தியவர்களில் இவர்கள் இரண்டு பேரும் உண்டு, அதனால் இவர்கள் கணக்கை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன்.

நம் ஆட்களிடம் அந்தக் கேள்விக்கா பஞ்சம்? விமான நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டு நிறுத்திய கதை, "உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்ட கதை, டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர் மூக்கைச் சுருக்கிய கதை, எந்த மாமாவைக் கேட்டாலும் அரை மணி நேரம் சொல்வார். சொல்லி முடிக்கிற வரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

---

பழையபாஸ்டன்

கணக்குப்புலி தம்பி சொல்வது சரி. ஆனால் சங்கத்தை இதில் இழுக்காதீர்கள் அம்மா. நம் சங்கம் 501(சி)(3), அதாவது வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பு. அது அரசியல் பேசினால் வரிவிலக்கு போய்விடும். அந்த வரிவிலக்கு வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

---

ஆக்டன்வாசி

@பழையபாஸ்டன் சார், வேட்பாளர் விஷயத்தில்தான் முழுத் தடை. இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சங்கம் மூச்சு விடக் கூடாது. வாக்குச்சீட்டில் வரும் கேள்வி என்பது சட்டம் பற்றியது, அது லாபியிங் (சட்டம் வரவோ போகவோ ஆதரவு திரட்டுவது) கணக்கில் வரும். சங்கத்தின் மொத்த வேலையில் அது சின்னப் பகுதியாக இருந்தால் அனுமதி உண்டு. பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் வரிவிலக்கு போய்விடாது.

---

பழையபாஸ்டன்

அப்படியா, நல்லது. இருந்தாலும் சொல்கிறேன், சட்டம் இடம் கொடுத்தாலும் நம் பொதுக்குழு இடம் கொடுக்காது. பொங்கல் விழாவை எந்தச் சனிக்கிழமை வைப்பது என்பதற்கே மூன்று மணி நேரம் அடித்துக்கொள்கிறவர்கள். தீர்மானம் தோற்றால் "சங்கமே எதிர்க்கிறது" என்று அடுத்த ஃபார்வர்டு வரும். பெயர் போட்டுத் தனித்தனியாகப் பத்துப் பேர் எழுதுங்கள், நான் பதினோராவது ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். நான் வந்த காலத்தில் என் பெயரைக் கேட்டதும் வீடு காலியில்லை என்று போனை வைத்தவர்கள் உண்டு. அது சட்டத்துக்கு விரோதம் என்று எனக்குச் சொல்லக் கூட அன்றைக்கு ஆள் இல்லை.

---

நீலவானம்

வழக்கமாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது. நான் திருநங்கை. மதுரைப் பக்கம். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், எனக்கு ஓட்டுக் கிடையாது, நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் என் விஷயத்தை முடிவு பண்ணப் போகிறீர்கள். போன மாதம் இந்தியாவில் ஓரினச்சேர்க்கை குற்றமில்லை என்ற 377 தீர்ப்பு வந்த அன்று ஊரிலிருந்து ஒரே போன், வாழ்த்துச் சொன்னார்கள். இங்கே வந்தால் வாட்ஸ்அப்பில் இந்த வீடியோ.

எல்லாரும் கழிப்பறை பற்றியே பேசுகிறீர்கள், என் சிக்கலில் பாதி வரவேற்பு மேசையிலேயே ஆரம்பித்துவிடும். பாஸ்போர்ட்டில் பழைய பெயர், பழைய படம். மாற்றும் வேலை நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. ஓட்டலில் அறை போட்டுவிட்டுப் போனால் மேசையில் இருப்பவர் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார், அப்புறம் "மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தச் சட்டம் இருப்பதால் மேனேஜர் வெளியே வந்து சாவியைக் கொடுத்துவிடுகிறார். எடுத்துவிட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும்போதும் அப்படித்தான், சத்தமாகப் பழைய பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்கிற என்னைப் பார்த்து "உங்களை இல்லை" என்பார்கள்.

நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். காபியும் கிடையாது. எந்த ஓய்வு நிறுத்தத்தில் ஒருவர் மட்டும் போகிற தனி அறை இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். ஆண்கள் பக்கம் போனால் எனக்கு அடி விழலாம், பெண்கள் பக்கம் போனால் யாராவது கத்தலாம். ரெண்டுபெண்ணம்மா, உங்கள் மகள் அங்கே உடை மாற்றுகிறாள் என்றால் அந்தப் பொதுக் கூடத்தில் முதலில் கூசிப்போகிறவள் நான்தான். நீச்சல் குளம் பக்கமே நான் போனதில்லை. உங்களைப் பட்டம் கட்ட எனக்கு விருப்பமில்லை, நீங்கள் கேட்டது அம்மா கேட்கிற கேள்வி. எனக்கும் அங்கே திரை வேண்டும்.

ஊரில் நம் தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வைத்தார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே இதற்குப் பயப்படுகிறீர்களே என்றுதான் கொஞ்சம் வருத்தம்.

---

ரெண்டுபெண்ணம்மா

@நீலவானம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுவது தப்பு, உடம்பு கெட்டுவிடும், முதலில் அதை விடுங்கள்.

என் ஓட்டைப் பற்றி இங்கே சத்தியம் எதுவும் பண்ணப் போவதில்லை. ஒன்று கேட்கிறேன், யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். நீச்சல் குளத்துக்காரர்களிடம் திரை போடச் சொல்லி, இல்லையென்றால் குடும்ப அறை ஒன்று ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் அது இந்தச் சட்டப்படி பாகுபாடு ஆகுமா?

---

ஆக்டன்வாசி

ஆகாது. எல்லாருக்கும் பொதுவாகத் திரை, தனி அறை வைப்பதைச் சட்டம் தடுக்கவே இல்லை. ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டி "நீ மட்டும் அந்தத் தனி அறைக்குத்தான் போக வேண்டும்" என்று கட்டாயப்படுத்தினால்தான் சிக்கல். தைரியமாகக் கேளுங்கள், மற்ற அம்மாக்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் சீக்கிரம் நடக்கும். சொல்லப்போனால் 'இல்லை' ஜெயித்தாலும் அந்தக் கூடத்தில் திரை வந்துவிடாது, அதற்கு நீங்கள்தான் கேட்க வேண்டும்.

---

புதுக்குடிமகள்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. @நீலவானம், எங்கள் வீட்டுக் கொலுவுக்கு நீங்கள் வர முடியுமா? தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன். யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், சும்மா வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போங்கள்.

நேற்று ஒரு வீட்டில் கணக்குப்புலி சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். அந்த மாமி ஒரு கடையில் பணப்பையைத் திறந்து காட்டச் சொன்ன கதையைச் சொன்னார், கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் கேள்வி 3-ஐ நான் எடுக்கவே இல்லை, அவரே "அந்தப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இருக்கும், இல்லையா?" என்றார். அதே வீட்டில் மாமா மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, "அதெல்லாம் வேற, இது வேற" என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

இன்னொரு சந்தேகம். என் மாமியாரும் குடிமகள்தான், 'ஆம்' போடுவேன் என்கிறார், ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. முதல் கேள்வி நர்ஸ்கள் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, மூன்றாவது வருவதற்குள் களைத்துவிடுவார். நான் கூடவே உள்ளே போகலாமா?

---

ஆக்டன்வாசி

போகலாம். ஆங்கிலம் படிக்க முடியாதவர் தனக்கு வேண்டியவரைத் துணைக்குக் கூட்டிப்போகக் கூட்டாட்சிச் சட்டமே அனுமதிக்கிறது, அவருடைய முதலாளியோ தொழிற்சங்கத்து ஆளோ மட்டும் கூடாது. மருமகள் தாராளமாகப் போகலாம். உள்ளே போனதும் மேசையில் சொல்லிவிடுங்கள். மாநிலச் செயலர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சிவப்பு அட்டைப் புத்தகத்தில் மூன்று கேள்விகளும் இருக்கின்றன, முன்னாடியே உட்கார்ந்து தமிழில் படித்துக் காட்டிவிட்டால் அங்கே நேரம் ஆகாது.

முன்கூட்டி ஓட்டுப்போடுவது அக்டோபர் 22-ல் ஆரம்பித்து நவம்பர் 2 வரை, கூட்டம் குறைவாக இருக்கும், வயதானவர்களுக்கு அதுதான் வசதி. முகவரி மாறியவர்கள், இன்னும் பெயர் பதியாதவர்கள் யாராவது குழுவில் இருந்தால் கடைசி நாள் இந்த 17-ஆம் தேதி. இதை மட்டும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கே போட்டுவிடுங்கள், எந்தப் பக்கம் போடுகிறவர்களாக இருந்தாலும் சரி.